பின்னிருக்கையைப் பார்க்கும் கண்ணாடி

மார்ச் 27

மழை. ஆட்டோ மேல் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் விலகிவிட்டது. நனைந்துகொண்டே போய் இழுத்துக் கட்டினேன். ஓட்ட ஆள் இல்லாத வண்டி நனைந்தால் என்ன, நனையாவிட்டால் என்ன? என் வீட்டுக்காரர் பியரத்ன இருந்திருந்தால், "நீ போட்ட முடிச்ச அவுக்க நான் ஒருநாள் லீவு போடணும் யசவதி" என்று சிரித்திருப்பார்.

அவர் போய் மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் சிரிப்பதற்கு ஆள் இல்லை.

மார்ச் 30

பக்கத்து வீட்டுச் சீலவதி அக்கா பலாக்காய் கொண்டுவந்தாள். கூடவே நாக்கையும்.

"உன் மூத்தவ எழவுக்குக் கூட வரலியே? என்ன இருந்தாலும் அவரு பெத்த பொண்ணு இல்லதானே?"

"நிறைமாசக்காரி எழவு வீட்டுக்கு வரலாமா? உங்க மருமகள அனுப்புவீங்களா?" என்றேன். பலாக்காயை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு நானும் அதையேதான் நினைத்தேன். மாத்தறையில் மாமியார் போகாதே என்றாளாம், என் மூத்தவள் தில்ருக்ஷி கேட்டாளாம். வழக்கம் வழக்கம்தான். இருந்தாலும் — வெளி வாசல் வரைக்குமாவது வந்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 14

புத்தாண்டு. சுபவேளையில் ஊரெல்லாம் அடுப்பு மூட்டிப் பட்டாசு கொளுத்துகிறார்கள். துக்க வீட்டில் பால் பொங்குவதில்லை. மகன் இசுரு கொரியாவிலிருந்து போன் செய்தான். அப்பாவின் அடக்கத்துக்கு வந்த வேகத்தில் திரும்பிப் போனவன், பாவம், அவனுக்குக் கிடைத்த லீவு அவ்வளவுதான்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

பொய். ஒருத்திக்கு என்னத்தைச் சமைப்பது?

ஏப்ரல் 29

தில்ருக்ஷிக்குப் பெண் குழந்தை. போனை வைத்துவிட்டு அவரிடம் சொல்லத் திரும்பினேன்.

மே 11

இன்று ஆட்டோவைத் துடைத்தேன். முன்னால் இருக்கும் கண்ணாடி இன்னும் பின்னிருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் ஆறு வயது தில்ருக்ஷியோடு இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவரும் பேசச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டி. இவளும் அதில்தான் போவாள். ஒருநாள் கண்ணாடியை அவள் முகம் தெரிகிற மாதிரி திருப்பிவைத்தார். அவள் அதில் நாக்கைத் துருத்துவாள், இவரும் துருத்துவார். "ரோட்டப் பாரு மனுஷா!" என்று நான் கத்துவேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் 'சித்தப்பா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இசுரு பிறந்த பிறகும் கண்ணாடி நகரவில்லை. அவனும் அதற்குள்ளேயே அடங்கிக்கொண்டான்.

அவள் கல்யாணம் ஞாபகம் வந்தது. பெண் மாப்பிள்ளை விரல்களைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. அதன் மேல் பெண்ணின் அப்பா கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். இவர் புதுச் சாரம் கட்டி, கையில் கெண்டியோடு நிற்கிறார். அப்போது பார்த்து, அவளுக்கு ஒரு பென்சில் கூட வாங்கித் தராத அந்த மனிதன் — என் முதல் புருஷன் — காலில் பளபள சப்பாத்தோடு மேடை ஓரம் வந்து நின்றான். எல்லாரும் குசுகுசுத்தார்கள். இவர் கெண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, விருந்தாளிகளுக்குச் சோறு போதுமா என்று பார்க்கப் போய்விட்டார். தில்ருக்ஷி தலையைத் தூக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. "தண்ணி யார் ஊத்தினா என்ன? நனையறது நம்ம பொண்ணு கைதானே?" என்றார். எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்படி ஒரு மனுஷனுக்காக அவள் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?

மே 26

அடுத்த மாதம் அவருடைய மூன்று மாத தானம், பிக்குமாரை அழைத்துச் சாப்பாடு போட வேண்டும். தில்ருக்ஷி, "வரட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் அலைய வேணாம்."

"சரிம்மா."

வா என்று சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? திரும்ப எடுத்துப் பேசவும் வீம்பு விடவில்லை.

ஜூன் 6

நாளை தானம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தேங்காய் துருவுகிறார்கள். "ரோட்டையே பாக்கறியே, யாரு வரணும்?" என்றாள் சீலவதி அக்கா. மழை வருமா என்று பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 7

பிக்குமார் சாப்பிட்டு முடித்தார்கள். புண்ணியத்தை அவருக்குச் சேர்க்கத் தண்ணீர் ஊற்றும் நேரம். அவருடைய அண்ணன் குணபால பாயில் உட்கார்ந்து கெண்டியை எடுத்தார்.

"தம்பி ரத்தம்னு இங்க நான்தானே இருக்கேன்."

அப்போதுதான் வாசலில் வேன் நின்றது. வெள்ளைச் சேலையில் தில்ருக்ஷி. குழந்தையை என் மடியில் போட்டாள். பெரியப்பா முன்னால் மண்டியிட்டுக் கை நீட்டினாள்.

"நீ எதுக்கும்மா? உன் அப்பன் வேற..."

"கல்யாணத்தன்னைக்கு சித்தப்பா கெண்டிய விட்டுக்கொடுத்துட்டாரு. நான் வாயத் திறக்காம குனிஞ்சு அழுதுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு விட்டுத்தர மாட்டேன் பெரியப்பா."

குணபால பாயில் நகர்ந்து இடம் விட்டார். கெண்டியையும் கொடுத்துவிட்டார்.

பிக்குமார் ஓத ஓத, அவள் ஊற்றிய தண்ணீர் கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் நானும் கெண்டியைத் தாங்கினேன். இரண்டு பேர் கையும் நனைந்தது.

ஜூன் 12

குழந்தைக்கு எடை பார்க்கக் கிளினிக் போனோம். தில்ருக்ஷி என் முடிச்சுகளைத் திட்டிக்கொண்டே தார்ப்பாயை அவிழ்த்தாள். அவர் கற்றுக்கொடுத்த ஓட்டம், கை மறக்கவில்லை. நான் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தேன்.

"கண்ணாடி பின்னாலயே பாக்குதேம்மா" என்று கையைத் தூக்கினாள். தொடாமல் இறக்கிக்கொண்டாள்.

பாலம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிறாள்.

"ரோட்டப் பாருடி!" என்று கத்தினேன்.