கேப்டனின் இடது முன்னங்கால்

அன்புள்ள தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். கொட்டாஞ்சேனையில் எல்லாரும் சுகம்தானே? இங்கே அயர்லாந்தில் என்னைக் கேட்காமல் ஒரு குதிரையும் தும்மாது.

போன திங்கட்கிழமை, நான் பராமரிக்கும் பந்தயக் குதிரை கேப்டனின் இடது முன்னங்காலைத் தடவிப் பார்த்தேன். "சேர், கால் சுடுது. இண்டைக்கு ஓட விடாதீங்க."

"நீ என்ன டொக்டரா?" என்று முதலாளி சிரித்தார்.

பந்தயத்தில் ஏழாவது தடையைத் தாண்டி இறங்கும்போது தசைநார் அறுந்துவிட்டது. இந்தக் குளிர்கால ஓட்டங்கள் இனி அவனுக்கு இல்லை. ஆனால் அடுத்த வருடம் இதைவிட உயரமாகப் பாய்வான் என்று குதிரை டொக்டரே என் கையைக் குலுக்கிச் சொன்னார். உன் மகள் ஷெரினிடம் சொல், அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு அவன் பெயரில் ஒரு மெழுகுதிரி கொளுத்து. குதிரைக்கு என்று சொல்ல வெட்கமென்றால் என் பெயரைச் சொல். இரண்டு போத்தல் தைலமும் அனுப்பு, குளிருக்கு முழங்கால் பிடிக்கிறது. லாயத்தில் கூப்பிடுகிறார்கள்.

உன் அண்ணன்
றெஜினோல்ட்

இதுவரை ஷெரினுக்கு வாசித்துக் காட்டு. மிச்சம் உனக்கு மட்டும். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. அந்த இடத்திலேயே அவன் கண்ணை மூடவைக்கும் ஊசியைப் போட்டுவிட்டார். தலைக்கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன். வேறு யார் பிடித்தாலும் அவன் அசையாமல் நிற்கமாட்டான்.