பிரேக் மிதித்தால் அணையும் விளக்கு

இன்று காலை குழம்புக்கு உப்பு எடுக்கக் கைவிட்டேன். ஜாடியின் அடியில் நீர் கட்டியிருந்தது. அம்பிட்டிய மழைக்குக் கல்லுப்பு எப்போதும் இப்படித்தான் கசியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் விரலில் ஒட்டிய அந்த நீரில் எனக்குத் துரு வாசம் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. உங்கள் திவசத்துக்கு ஆள் குறைவாகத்தான் வந்தார்கள். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் உதவிய மனிதனுக்கு ஏன் அப்படி என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தோட்டத்து லொறியை ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு அந்தக் காரை வாங்கினீர்கள். பழைய ஸ்ரீ நம்பர் பிளேட் போட்ட, என்னைவிட வயது கூடிய இங்கிலீஷ் கார். பால் வெள்ளைப் பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை பொண்ணு ஏற்றக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோனீர்கள். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. லைட்டுதான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. வலது சிக்னல் போட்டால் அந்தப் பக்கத்து முன் லைட்டும் சேர்ந்து மினுங்கும். கராஜில் வண்டி திருத்தும் பாஸ்மார் மூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் பல்பை மாற்றினார். ஒருவர் சுவிட்சை மாற்றினார். மூன்றாமவர், "காரையே மாத்துங்க ஐயா" என்றார்.

காரோடு வந்த பழைய புத்தகத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்து நாளைக்கு அரைப் பக்கம் படித்தேன். கடைசிப் பக்கத்து வயர் படத்தைப் பெரிதாக வரைந்து, மகன் விட்டுப்போன கலர் பென்சில்களால் ஒவ்வொரு கோடாகத் தீட்டினேன். சிவப்பு பின் லைட்டுக்கு. பச்சையில் ஊதாக் கோடு போட்டது பிரேக்குக்கு. கறுப்பு எல்லாவற்றுக்கும் எர்த், கரண்ட் திரும்பி வரும் வழி.

"என்னா, பரீட்சைக்கா படிக்கிற?" என்றீர்கள்.

"ஆமா. நீங்க ஃபெயிலான பரீட்சைக்கு."

ஒரு வாரம் கழித்து உங்களைக் காருக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். "கரண்ட் போறதுக்கு வழி இருக்குங்க. திரும்பி வர்றதுக்குத்தான் வழி இல்ல. புதுப் பெயின்ட் தகரத்த மறைக்குது. லைட்டோட அடியில பெயின்ட்ட சொரண்டணும்."

"புதுப் பெயின்ட்டையா? அடிச்ச வாசம் கூட போகல."

"ஒரு ரூபாக் குத்தி அளவுக்குத்தான். அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நில்லுங்க."

நீங்கள் உண்மையாகவே திரும்பி நின்றீர்கள். சுரண்டி, ஸ்குரூவை முறுக்கி, சிக்னலைப் போட்டேன். முன் லைட் அசையாமல் எரிந்தது. அன்றிலிருந்து லைன் வீடுகள் முழுக்க என் பேர் 'இஞ்சினியரம்மா' ஆகிப்போனது.

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் நமக்கு ஒரு முறை இருந்தது. நீங்கள் சீட்டில் உட்காருவீர்கள். நான் பின்னால் நிற்பேன். "செவப்பு?" "எரியுது." "பிரேக்கு?" "எரியுது." "சிக்னலு?" "ரெண்டும் எரியுது." வீட்டுக் கணக்குக் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தில் காருக்கென்று எழுதி வந்தேன். என்ன கோளாறு, எதைத் திறந்தேன், எதைச் செய்தேன், கடைசியில் 'சரி'. 'சரி' என்று எழுதாத வரி இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நீங்களும் சொல்வீர்கள், "லைட்டு நமக்குப் பாதை காட்ட மட்டுமில்ல, பின்னால வர்றவனுக்கு நம்மளக் காட்டணும்" என்று.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். பிலிமத்தலாவைக் கல்யாணத்தில் ஒரு பெண் காரைத் தடவி, "இந்த வயசுலயும் என்னா அழகு" என்றாள், நினைவிருக்கிறதா? அந்த வாரமே இரண்டு டயர் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. கல்லுப்பையும் எலுமிச்சம்பழத்தையும் சிவப்புத் துணியில் முடிந்து, பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து, டிக்கியின் இடது மூலையில் பலகைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கவிட்டேன். பார்த்தால், "வண்டிக்கும் சமைக்கப் போறியா?" என்று சிரிப்பீர்கள். அதனால் மறைத்தேன். அமாவாசைக்கு அமாவாசை புது உப்பு மாற்றினேன். அந்தக் கொக்கிக்கு நேர் கீழேதான் பின் லைட்டுகள் இரண்டுக்குமான கறுப்பு வயர் ஒரே போல்டில் இறங்குகிறது. என் படத்தில் அதை நானே வரைந்திருந்தேன். முடிச்சைத் தொங்கவிட்டபோது அது என் நினைவில் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் வந்து சொன்னீர்கள்: "பிரேக்க மிதிச்சா பின் சிக்னல் மங்குதாமே. பின்னால வந்த த்ரீவீல்காரன் சொன்னான்." நான் வலது லைட்டைத் திறந்து, ஹோல்டரை அரத்தாளால் தேய்த்து, இரண்டு வயர் பூட்டிய என் சின்ன பல்பை வைத்துப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. 'சரி' என்று எழுதினேன். பிரேக்குக்குப் போடும் அதே பெரிய பல்பை வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சின்ன பல்புக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். வழி முக்கால்வாசி அடைந்திருந்தாலும் எரிந்துவிடும். அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன். அன்று மாதக் கார்த்திகை விரதம், மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

தெல்தோட்டைக் கல்யாணத்தன்று மழை தூறத் தொடங்கியிருந்தது. "செவப்பு?" என்றீர்கள். "எரியுது" என்றேன். பார்த்துத்தான் சொன்னேன். "பிரேக்கு?" என்றபோது கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். ஓடியபடியே, "எரியுது, போய்ட்டு வாங்க" என்றேன்.

மாப்பிள்ளை பொண்ணை இறக்கிவிட்டு நீங்கள் தனியாகத் திரும்பி வரும்போது ஆறு மணி இருக்கும். வளைவுகளில் மூடுபனி. ஒரு மாடு குறுக்கே வந்தது. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். பின்னால் லீக்ஸ் மரக்கறி மூட்டை ஏற்றிய லொறி வந்தது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நீங்கள் வேதனைப்படவில்லை என்றும் சொன்னார்கள். அதை எனக்காகச் சொன்னார்களோ என்னவோ.

காரியம் முடிந்து நானும் மகனும் பொலிசுக்குப் போனோம். லொறி டிரைவர் முருகேசு, தெல்தோட்டைப் பக்கத்து ஆள், மூன்று பிள்ளைகள், ரிமாண்டில் இருந்தார். அவர் வாக்குமூலத்தைச் சார்ஜன் சிரித்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு செவப்பு லைட்டும் தெரிஞ்சிச்சாம். திடீர்னு இல்லாமப் போயிடிச்சாம். கார் வளைவுல திரும்பிருச்சின்னு நெனச்சானாம். என்னா கத பாருங்க."

"குடிச்சிருப்பான்" என்றான் மகன்.

"குடிக்கல. அதையும் பாத்தாச்சி. பொய்தான்."

எரிந்துகொண்டிருக்கும் லைட் பிரேக் மிதித்த நேரத்தில் அணைகிறது என்றால் அதற்கு ஒரே வியாதிதான்: எர்த் கெட்டிருக்கிறது. அந்த அறையில் அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கேட்டு அனுமதி வாங்கி, நமக்குத் தெரிந்த கராஜ் பாஸை ஒரு பேட்டரியோடு கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையப் பின்முற்றத்துக்குப் போனேன். கார் பாதியாக மடிந்து கிடந்தது. உங்கள் சீட்டை நான் பார்க்கவில்லை. பின் லைட்டுகள் தூளாகியிருந்தன. ஆனால் டிக்கியின் இடது மூலை, கறுப்பு வயர், போல்ட் எல்லாம் அப்படியே இருந்தன. வயரில் சின்ன பல்பைப் பூட்டினோம். எரிந்தது. பிரேக் பல்பைப் பூட்டினோம். உள்ளே ஒரு சிவப்பு இழை மட்டும் தெரிந்தது. பாஸ் பலகையை இழுத்தார். போல்ட் முழுக்கப் பச்சைக் களிம்பும் வெள்ளைப் பூவும். மேலே சிவப்புத் துணி முடிச்சு, நுனியில் இன்னும் ஒரு துளி.

"இது என்னாக்கா, உப்பா?"

"நான் கட்டுனது."

அவர் வெகுநேரம் பேட்டரி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்தபடியே சொன்னார்: "நான் ஒன்னும் பாக்கல அக்கா. நீங்களும் பாக்கல. ஐயா பேரு நல்லா இருக்கட்டும்."

அன்பினால்தான் சொன்னார். துணியைப் பிய்த்துச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தால் போதும், போல்டை நாலு தேய் தேய்த்தால் போதும். முப்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை என்று நீங்கள் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த பேர் அப்படியே நின்றிருக்கும். நான் முடிச்சைத் தொடவில்லை.

கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, மகன் கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்தான். "அப்பா முப்பது வருஷம் சேத்த பேரும்மா அது. நீங்க வாயத் தொறந்தா ஒரு நிமிஷத்துல போயிரும்."

"தெரியும் தம்பி."

"அப்புறம் எதுக்கு?"

"அந்தாளு பொய் சொல்லல."

"அப்பாவ விட அவன் பெருசா?"

"அப்பாவும் லொறி ஓட்டுனவருதான்."

அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

கோர்ட்டில் என் கொப்பியைக் கொடுத்தேன். லைட்டுகளைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நான் என்றேன். அன்று பிரேக் லைட் எரிந்ததைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. எரிகிறது என்று சொன்னீர்களா? சொன்னேன். யாரிடம்? அவரிடம். உப்பு முடிச்சைப் பற்றிச் சொன்னபோது பின் வரிசை வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். இரண்டு தரமும் சொன்னேன்.

முருகேசுவைப் பிணையில் விட்டார்கள். பிறகு வழக்கையும் குறைத்தார்கள். ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். லைட் இல்லாத வண்டியில் கல்யாணப் பொண்ணை ஏற்றினார் என்று உங்களை. புருஷன் சாம்பல் ஆறுவதற்குள் கோர்ட்டில் காட்டிக்கொடுத்தாள் என்று என்னை. மகன் மாதம் ஒருதரம் ஃபோன் எடுத்து, "மருந்து இருக்கா?" என்று மட்டும் கேட்கிறான். இருக்கிறது என்கிறேன்.

பிள்ளையாரிடம் எனக்குக் கோபம் இல்லை. பின்னால் நின்று பார்க்கவேண்டியது என் வேலை, அவருடையது அல்ல.

கோர்ட் வாசலில் முருகேசு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். உங்களைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். ரிமாண்டில் உடம்பு வற்றிச் சட்டை தொளதொளவென்று கிடந்தது.

"அம்மா, நானும் இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கணும்" என்றார்.

"ஒங்க நட்சத்திரம் என்னா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் சொன்னாள், ரோகிணி என்று.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை வைக்கிறேன். முதல் வாரம் ஐயர், "யாரும்மா, சொந்தமா?" என்று கேட்டார். ஆமா என்றேன். போன வாரம் தட்டை வாங்கிக்கொண்டு, "ஒங்க பேரையும் சேத்துச் சொல்லிரவா?" என்றார்.

"எனக்கு வேணாம் சாமி" என்றேன்.

அவர் அந்த ஒரு பேரை மட்டும் சொன்னார். நான் கைகூப்பி நின்றேன். என் பேரையும் இனிச் சொல்லலாம் என்று சொல்லவேண்டியவர் நீங்கள்.