ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் கமலாவின் காதும்

செவ்வாய்க்கிழமை

இன்றிரவு எழுத வேண்டும் என்று மதியமே குறித்து வைத்தவை:
1. இரைச்சலுக்குக் காரணம் என் கைத்தவறு.
2. கமலாவுக்குக் காது மந்தமாகிவிட்டது.
3. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நானே செய்த ஆம்ப்ளிஃபயர் ஒரு வாரமாகப் பாட்டுக்கு அடியில் இரைந்துகொண்டே இருந்தது. என் மனைவி கமலா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. கேட்டால், “நல்லாத்தான் கீது” என்பாள். எனக்குக் கேட்பது அவளுக்குக் கேட்கவில்லையே என்று பயம் வந்துவிட்டது. விம்கோ நகரில் காது டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்றுகூட அவளுக்குத் தெரியாமல் விசாரித்தேன்.

அந்தக் கைத்தவறு எங்கே என்பது இன்று மாலைதான் புலப்பட்டது. எர்த் ஒயர்களைப் பெட்டியில் இரண்டு இடங்களில் இணைத்திருந்தேன். வரைபடத்தை மூன்று முறை சரிபார்த்தும் இப்படி. எல்லாவற்றையும் ஒரே போல்ட்டில் சேர்த்தேன். பாட்டு வைக்காமல் சுவிட்சை மட்டும் போட்டேன். இரைச்சல் துளியும் இல்லை.

சமையலறையிலிருந்து கமலா கேட்டாள்: “இன்னாங்க, பொட்டி செத்துப்போச்சா? ஒரு வாரமா ஙொய்யினு கத்திகினு இருந்துச்சே, சத்தத்தையே காணோம்.”

“உனக்குக் கேட்டுச்சா? ஏன் சொல்லல?”

“சொன்னா சோறு துன்னாம அதையே நோண்டிகினு இருப்பீங்க. பாவம், ஆசையா பண்ணது.”

ஸ்குரூ டிரைவரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இரண்டாவது குறிப்பு தவறு. அவள் காது என் காதைவிட நன்றாக இருக்கிறது.