நான்காம் மாடிப் பெட்டி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குழந்தையும் நலம். உங்கள் தோள்வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் மெயிலில் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் முழுதும் படித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வைஃபை பாதுகாப்பைச் சோதிக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. என் கொழுந்தன் அங்கே இருக்கிறான் என்று முதலிலேயே சொன்னேன். பரவாயில்லை என்றார்கள்.

திங்கள் காலை, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைத் திறந்தேன். ஆஸ்பத்திரி பெயரில், பாஸ்வேர்டே கேட்காத ஓர் இணைப்பு. பத்தே நிமிடத்தில் நான்காம் மாடி நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் மெஷின்கள் என் திரையில் வரிசையாக வந்து நின்றன. ஓர் எண்ணை மாற்றினால் மருந்தின் வேகம் மாறிவிடும். லேப்டாப்பை மூடாமலே காரிலிருந்து இறங்கினேன்.

சிக்னல் கூடும் பக்கமாகவே மாடி ஏறினேன். போர்வை அடுக்கும் அறையில், அலமாரிக்குப் பின்னால் சின்ன வெள்ளை வைஃபை பெட்டி. என்னைத் தெரிந்த நர்சம்மா ஒருவரிடம் கேட்டேன். "உங்க கொழுந்தனார் மாட்டினதுதாங்க. அதுக்கப்புறம்தான் எங்களுக்கு நிம்மதி" என்றார்.

அந்த மாடியில் ஆஸ்பத்திரி சிக்னல் கிடைக்காததால், மருந்து தீர்ந்தால்கூட மெஷினின் எச்சரிக்கை நர்ஸ்கள் மேசைக்கு வராமல் போயிருக்கிறது. உங்கள் தம்பி மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மேலே ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே ஒரு பெட்டி வாங்கி மாட்டிவிட்டான். பாஸ்வேர்டு வைத்தால் பழைய மெஷின்கள் சேரவில்லை என்று அதையும் எடுத்துவிட்டிருக்கிறான்.

நர்ஸ்களை மெஷின் பக்கத்திலேயே நிற்க வைத்துவிட்டு, அவனையும் வரச்சொல்லி இருவருமாகப் பெட்டியைக் கழற்றினோம். மாடிப்படியில் என் பின்னாலேயே வந்தான். "அண்ணி, அதான் கழட்டியாச்சே. ரிப்போர்ட்ல எழுதாதீங்க, என் வேலை போயிரும்" என்றான். நம் கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

எழுதினேன். மறைத்தால், அதன் வழியாக வேறு யாராவது முன்பே நுழைந்தார்களா என்று எவரும் தேடமாட்டார்கள். அவனுடைய மூன்று கடிதங்களையும் அறிக்கையோடு சேர்த்தே வைத்தேன். அன்று மாலையே அந்த மாடிக்கு, பழைய மெஷின்களும் சேரக்கூடிய, பூட்டுள்ள தனி இணைப்பு வந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நேற்று நம் வீட்டிலிருந்து துணிமணியோடு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அவன் வாசல் தாண்டும்போது நான் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நாளை பதினோரு மணிக்கு அவனுக்கு விசாரணை. நான் அழைத்தால் எடுப்பதில்லை. நீங்கள் கூப்பிடுங்கள். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். என்னைத் திட்டினால் திட்டட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டானா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
உங்கள் மனைவி