குளிர்ச்சி வேறு, வாசனை வேறு

மார்கழி 9, இரவு

காய்ச்சல் விட்ட பிறகும் வாசனை திரும்பவில்லை. ரசப்பொடி விற்றுப் பிழைக்கிறவளுக்கு மல்லி வறுபடும் பதம் தெரியாவிட்டால் என்ன செய்வது?

காலையில் மெந்தாலை முகர்ந்ததும் மூக்கு சரியாகிவிட்டதென்று குதித்தேன். கபாலி கோயிலில் தேங்காய்கூட உடைத்தாயிற்று. சாயங்காலம் வீட்டுக்காரர் சந்தேகப்பட்டு, என் கண்ணைப் பொத்தி அதையே மறுபடி நீட்டினார்.

"இன்னா வாசனை, சொல்லு?"

"ஜில்லுன்னு கீது."

"அது குளிர்ச்சி. நான் வாசனையக் கேட்டேன்."

இன்னொரு தடவை முகர்ந்தேன். வாசனையே இல்லாமல் வெறும் குளிர்ச்சி நெற்றிவரை ஏறுகிறது! இத்தனை காலம் இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

அடுத்து, கைக்குட்டையில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் தைலம். அதிலும் லேசாக ஜில்லிப்பு உண்டு, மெந்தால் அளவுக்கு இல்லை. இலை வாசனை தனியாக வந்தால்தான் மூக்கு தேறியதாக அர்த்தம். திரும்பத் திரும்ப இழுத்தேன். எங்கோ தூரத்தில் யாரோ இலையைக் கசக்கியதுபோல் மெல்ல வந்தது. மூச்சை விடவே பயமாக இருந்தது.

கூடவே இன்னொன்றும் வந்தது. "பால் தீயுதுங்க" என்றேன். நல்ல மூக்கு உள்ளவர் அப்புறம்தான் அடுப்படிக்கு ஓடினார்.

ஜன்னலைத் திறக்கப் போனார். வேண்டாமென்று தடுத்துவிட்டேன். வீடெல்லாம் இன்னும் தீய்ந்த நாற்றம். இருக்கட்டும்.