பேர் வெட்டிய கிடாரம்

4, திங்கள்

கச்சான் காற்று. முற்றம் கூட்டி முடிக்குமுன் மறுபடி மணல். மிளகாய் காயப்போட்டேன். வாளியில் ஓட்டை, ஒட்டக் கொடுக்க வேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு நாவற்குடா செல்வம் வந்தான். கல்யாணச் சமையல்காரன். கிடாரம், சட்டி எல்லாம் நம்மிடம்தான் வாடகைக்கு எடுப்பான். வந்ததும் தேத்தண்ணி கேட்பவன், இன்றைக்குக் கேற்றுக்கு வெளியிலேயே நின்றான். கொண்டுபோன இரண்டு கிடாரத்தில் ஒன்றைத்தான் திருப்பித் தந்திருக்கிறான். மற்றதற்கு நாளைக்கு, நாளைக்கு என்று சாட்டு.

"ராத்தா, கல்யாண ஊட்டு வளவுக்குள்ள கழுவிக் கவுத்து வச்சிருந்த. களவெடுத்துட்டானுகள். இப்ப பொலிஸில கிடக்கு."

"கிடைச்சிட்டுத்தானே, அல்ஹம்துலில்லாஹ். போய் எடுத்துக்கொண்டு வா."

"அதில கசிப்புக் காச்சியிருக்கானுகள் ராத்தா."

அப்படியே குந்திவிட்டேன். கள்ளச்சாராயம். உம்மாவின் செப்புக் கிடாரத்தில். ஊரில் எத்தனை கல்யாண வலீமா, எத்தனை கந்தூரிக்குச் சோறு ஆக்கிய கிடாரம். இரண்டின் விளிம்பிலும் உம்மாவின் பேர் வெட்டியிருக்கிறது: சல்மா உம்மா, காத்தான்குடி. களவு போகக்கூடாது என்று வாப்பா வெட்டுவித்தது. இப்போது அந்தப் பேர்தான் வினை.

5, செவ்வாய்

தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலில் பால்காரனின் மோட்டார் சைக்கிளே பொலிஸ் ஜீப்பாகக் கேட்கிறது.

என்னென்ன பயம் என்று எழுதிப் பார்த்தால் குறையுமோ என்னவோ.

பொலிஸ். பேரைப் பார்த்து நானும் கூட்டு என்று நினைத்தால்?

காய்ச்சியவர்கள். இது என் கிடாரம் என்று நான் போய் நின்றால் அவர்களுக்கு நான் எதிரி. பேரும் ஊரும் அவர்களுக்கும் தெரியும். வாசித்திருப்பார்கள்.

ஊர். இதுதான் பெரியது. சாராயம் கொதித்த கிடாரத்தில் ஆக்கிய சோற்றை இந்த ஊரில் யார் தின்பார்? எது அந்தக் கிடாரம் என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். இந்த இரண்டிலும்தான் வீடு ஓடுகிறது. 22ஆம் திகதி ஹாஜரா மாமி மகளின் வலீமா. பக்கத்துத் தெரு. இரண்டையும் கேட்டிருக்கிறா.

பேசாமல் விட்டுவிடலாமா? ஒரு கிடாரம் போனால் போகட்டும். ஆனால் உம்மாவின் பேர் கசிப்புப் பீப்பாக்களோடு அங்கே கிடக்குமே. அதை நினைத்தாலும் அழுகை.

கத்தாரில் வேலைசெய்யும் என் கணவர் போன் எடுத்தார்.

"என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன்."

6, புதன்

போனேன். செல்வம் கூட வந்தான். பொலிஸ் வாசலில் பெயர் எழுதினேன், எழுத்து கோழி கிளறியது போல.

பின்வளவில், தகரக் கொட்டிலுக்குள் இருந்தது. குழாய்கள், பீப்பாக்கள், நடுவில் அது. காது வளையத்தில் அரக்கு முத்திரை வைத்த துண்டு கட்டியிருந்தது. நாற்றம். தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து குளித்தும் போகவில்லை.

பொலிஸ்காரத் தம்பி விளிம்பில் விரல் வைத்து வாசித்தான்.

"சல்மா உம்மா நீங்களா?"

"என்ட உம்மா. மவுத்தாகிட்டா."

"அப்ப அவவச் சாட்சிக்குக் கூப்பிடேலா."

சிரித்தான். செல்வமும் சிரித்தான், பயத்தில்.

"இது வழக்குப் பொருள். நாங்க தரேலா. லோயர் ஒராள வச்சு கோட்டில கேளுங்க. உங்கட சாமான் எண்டு கிராம சேவகர் ஜீ.எஸ்.ஸிட்டக் கடிதம் எடுங்க."

"காச்சின ஆள்?"

"பிணையில வெளிய."

திரும்பும்போது பஸ்ஸில் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். நாலு தரிப்பிடம் முந்தி இறங்கி நடந்தேன். அவனும் இறங்கினான். அவன் வீடு அங்கேதானாம், மனைவி வாசலில் நின்றா.

7, வியாழன்

ஜீ.எஸ். ஐயாவிடம் கடிதம். எதற்கு என்றார். களவு போன சாமானுக்கு என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மௌலவிக்குப் படித்த சாச்சா மகன் பின்னேரம் வந்தான். தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டேன்.

"தம்பி, என்ட கூட்டாளி ஒருத்தி. அவட சட்டியில ஆரோ சாராயம் வச்சிட்டாங்களாம். மறுகா அதில சோறு ஆக்கலாமா?"

"நல்லாக் கழுவினா சட்டி சுத்தம்தான் ராத்தா. கூட்டாளிக்குச் சொல்லுங்க."

கூட்டாளி என்ற இடத்தில் ஒரு சிரிப்பு. தெரிந்துவிட்டதோ? சட்டி சுத்தமாகிவிடும், சரி. ஊர் வாய்?

13, புதன்

ஒரு லோயர் பிள்ளையைப் பிடித்து மனுப் போட்டிருந்தேன், இன்றைக்குத் தவணை. கறுப்பு அபாயா, முகத்தை மூடிக்கொண்டு போனேன். கோட்டு வாசலில் முகத்திரையைக் கழற்றச் சொன்னார்கள்.

காய்ச்சியவன் கூண்டில் நின்றான். நான் நினைத்தது பெரிய மீசை, சிவந்த கண். ஒல்லி ஆள். சட்டை நன்றாக ஸ்திரி போட்டிருந்தான். அதுதான் இன்னும் பயம்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். லோயர் பிள்ளை கையைப் பிடித்து எழுப்பினா. கடிதம், கிடாரத்தின் போட்டோ கொடுத்தா. பொலிஸுக்கு ஆட்சேபனை இல்லை. நீதவான் சொன்னது: கொண்டு போகலாம். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது. உருவத்தை மாற்றக் கூடாது. கேட்கும்போது கொண்டு வர வேண்டும்.

முடிந்தது, உட்காருங்கள் என்கிறா லோயர். நான் உட்காரவில்லை. மாற்றக் கூடாது என்றால்? கழுவினால் சாட்சியத்தை அழித்தாய் என்று பிடித்துக் கூண்டில் ஏற்றினால்? பயத்துக்கு வாய் முளைத்து அதுவே கேட்டது.

"ஐயா, கழுவலாமா?"

கோட்டே சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை.

"கழுவுங்கோ அம்மா. நல்லாக் கழுவுங்கோ."

திரும்பிப் பார்த்தால் பின்வரிசை வாங்கில் நம்மூர்ப் புடவைக் கடைக்காரர் இரண்டு பேர். வேறு வழக்குக்கு வந்தவர்கள். போச்சு.

பின்னேரம் பொலிஸில் கிடாரத்தைப் பொறுப்பெடுத்தோம். முத்திரைத் துண்டை வெட்டி அவர்கள் வைத்துக்கொண்டார்கள். செல்வம் ஒரு பக்கம் பிடித்தான், மற்றப் பக்கம் என்னால் தூக்க ஏலாது. ஒரு கை வந்து பிடித்தது. ஸ்திரி போட்ட சட்டை. அங்கே பிணைக் கையெழுத்து வைக்க வந்திருக்கிறான். செல்வத்தின் முகம் சாம்பல். மூவருமாகத் தூக்கிப் பட்டா லொறியில் வைத்தோம். அவன்தான் பேசினான்.

"நல்ல கிடாரம் ராத்தா. அடிப் பிடிக்காது."

உம்மா சொல்லும் அதே சொல். வழி முழுக்க அதே யோசனை. மிரட்டினானா? உண்மையைச் சொன்னானா? செல்வத்திடம் கேட்டேன். "தெரியா ராத்தா. ஆனா அடிப் பிடிக்காதுதான்."

14, வியாழன்

புளி, சாம்பல், மணல். பிறகு கொதிதண்ணீர். பிறகு மறுபடி புளி. ஏழு தரம். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. செம்பு பளபளக்கிறது. தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி மோந்தேன்.

தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

15, வெள்ளி

காற்று கொஞ்சம் அடங்கியது. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வரும் நேரம் ஹாஜரா மாமி வந்தா. வலீமாவுக்கு இரண்டும் சரியா என்று பார்க்க வந்தாவாம். இரண்டு கிடாரமும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. இரண்டையும் ஒரே மாதிரி விளக்கியிருந்தேன். ஏன் மற்றதையும் விளக்கினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். யா அல்லாஹ், எவ்வளவு நினைத்தேன். புடவைக் கடைக்காரர் சொல்லி அவ தெரிந்துகொள்வதை விட என் வாயால் போகட்டும்.

"மாமி, இதில ஒண்டு பொலிஸில கிடந்த. கசிப்புக் காச்சியிருக்கானுகள். ஏழு தரம் கழுவின. வேணாம் எண்டா வேணாம் எண்டு சொல்லுங்க, நான் கோவிக்கமாட்டன்."

மாமி குனிந்து ஒன்றின் விளிம்பைத் தடவினா. பிறகு மற்றதன் விளிம்பை. உம்மாவின் பேர் இரண்டிலும்.

"சல்மா மச்சிதான் என்ட கலியாணத்துக்கும் இதில ஆக்கின," என்றா.

நான் வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி மறித்தா.

"ரெண்டையும் அனுப்பு புள்ள. எது எண்டு மட்டும் எனக்குச் சொல்லாத."

சொல்லவில்லை.