அப்பாவின் குரலுக்கு ஒரு சர்வர்

மார்ச் 3

கிளினிக்கில் கூட்டமில்லை. பல் டாக்டர் வரவே பதினொன்றாகிவிட்டது. வரவேற்பு மேசை என் வேலை; அங்கே உட்கார்ந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரலைச் செய்து முடிக்க வீட்டு லேப்டாப்புக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் வேண்டும். இருபத்துநாலாம் தேதி அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருபத்தொரு நாள்.

அதற்கப்புறம் அவர் எழுத்துகளைத் தட்டினால் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே பேச வேண்டும். அதற்காகத்தான் தொள்ளாயிரம் வாக்கியங்களை வாசிக்கவைத்துப் பதிந்து வைத்திருக்கிறேன். கைவசம் இருந்தவை, கட்டற்ற மென்பொருள்களுக்காக நானே மொழிபெயர்த்த அறிவிப்புகள். “கோப்பு கிடைக்கவில்லை.” “அனுமதி இல்லை.” “நினைவகம் போதவில்லை.” அப்பா பூட்டு ரிப்பேர் பார்க்கிற மனிதர். பாதியில் நிறுத்திக் கேட்டார்: “ஏம்மா, இந்த மெஷினுக்கு எதுவுமே கிடைக்காதா? பாவம்மா!”

மார்ச் 5

லேப்டாப் கொதிக்கிறது. கம்பித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். “பெட்டிக்குக் காத்து, எனக்கு வேர்வையா? நல்லா இருக்குடி நியாயம்” என்று அம்மா முறத்தால் விசிறிக்கொண்டாள்.

எங்கள் மென்பொருள் தன்னார்வக் குழுவில் ‘ஆந்தை’ என்று ஒருவர். நேரில் பார்த்ததே இல்லை. கட்டற்ற மென்பொருளை யாரும் நிறுவிக்கொள்கிற மாதிரி பேக்கேஜாகக் கட்டித் தருகிறவர்களுக்கு, வேகமான சர்வர் கம்ப்யூட்டரைச் சும்மாவே கொடுத்து உதவுகிறவர்கள் இருக்கிறார்களாம். “கேட்டுப் பாருங்களேன்” என்று எழுதியிருக்கிறார்.

கேட்பதா? பக்கத்து வீட்டில் ஏணி கேட்கவே எனக்கு நாக்கு எழும்பாது.

மார்ச் 6

விண்ணப்பத்தை எழுதி ஆந்தைக்குக் காட்டினேன். பதில்: “மன்னிக்கணும்னு நாலு இடத்துல இருக்கு. என்ன வேணும்னு ஒரு இடத்துலயும் இல்லையே!”

திருத்தினேன். எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எத்தனை நாள். பயனடைவோர் என்ற கட்டத்தில் ‘என் அப்பா’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 9

பதில் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் இருக்கிறது. தனி ஒருவருக்கான வேலைக்குத் தர மாட்டார்கள். குரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குத் தரலாம் என்று எழுதித் தந்தால் பார்க்கலாம்.

பத்து வருஷமா நான் எல்லாருக்கும் சொல்ற அதே பேச்சு. எழுதின நிரலை எல்லாம் தாரை வார்த்தவதான் நான். ஆனா இது அப்பா! எவனோ ஒருத்தன் அவர் குரல்ல சோப்பு விப்பான். எவனோ யாரையோ திட்டவைப்பான். முடியாது. முடியவே முடியாது — அப்போ நாற்பத்தொரு நாள்?

மார்ச் 10

வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கோபத்தில் முகமே சிவந்துவிட்டது. “முப்பது வருஷமா என்னைக் கூப்பிட்ட குரல். அதைத் தெருவுல வைக்கணுமா?”

அப்பாவுக்கு இப்போதெல்லாம் பேசினாலே கரகரக்கிறது. அவர் மெதுவாக, “நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தன் தொண்டையை அறுத்துட்டு வருவான். பதிஞ்சு வைக்க அவனுக்குப் பொண்ணு இருக்கணும்னு இல்லையே. எடுத்துக்கட்டும்” என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 13

அவர்கள் கேட்டபடி எழுதித் தந்தேன். சர்வர் கிடைத்துவிட்டது! லேப்டாப் நாற்பத்தொரு நாள் கேட்ட வேலை இந்த சர்வரில் நாலு நாளில் முடியுமாம்.

மத்தியானம் கிளினிக்கில் கண் அசந்துவிட்டேன். பார்த்திராத அந்த சர்வர் அறை தெரிந்தது. நீளமாக, குளிராக, பச்சை விளக்குகள் மினுக்க. அப்பா சாவிக்கொத்தோடு ஒவ்வொரு அலமாரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். ஒவ்வொன்றின் உள்ளிருந்தும் அவரே பதில் சொல்கிறார். “அடுத்து யாரும்மா?” என்று டாக்டர் கேட்டபோது நான் “அப்பா” என்றேனாம்.

மார்ச் 17

முதல் குரல் வந்தது. அவரேதான். ஆசையாக “எப்படி இருக்கே?” என்று தட்டினேன்.

“எப்படி இருக்கே.” முற்றுப்புள்ளி. அனுமதி இல்லை என்கிற அதே தோரணை.

அடிப்பாவி! தொள்ளாயிரத்தில் ஒரு கேள்விகூட இல்லையே! அறிவிப்புகள் யாரிடம் என்ன கேட்கும்? இருக்கிற அப்பாவைக் கம்ப்யூட்டர் மாதிரி பேசவைத்துப் பதிந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மார்ச் 18

லீவு போட்டுவிட்டு முந்நூறு கேள்விகள் எழுதினேன். பத்து நிமிஷம் வாசித்தால் அரைமணி ஓய்வு. கூடத்தில் ஜன்னல்களைச் சாத்தி, போர்வை கட்டி, அந்த இருட்டுக்குள் அவர் குரல் மட்டும். “வெளியே வெயிலா?” “கதவைச் சாத்தினியா?” “ஏன் அழுதே?”

“சாப்பிட்டியா?” என்றதும் சமையலறையிலிருந்து அம்மா, “உங்களோடதானே சாப்பிட்டேன், அதுக்குள்ள மறந்தாச்சா?” பதிவு போயிற்று. “மருந்து எங்கே?” “அலமாரியில!” அதுவும் போயிற்று. அப்பா சிரிக்க ஆரம்பித்தால் நிற்பதில்லை. நான் மறுபடி முதலிலிருந்து பதிய ஆரம்பித்தேன்.

மார்ச் 19

முந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்குமேல் அவரால் முடியவில்லை. போதும்ப்பா என்றேன். சர்வரில் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 24

காலை ஏழு மணிக்கு உள்ளே அழைத்துப்போனார்கள். கடைசியாக என்ன சொன்னார் என்று சரியாகக் காதில் விழவில்லை. ஸ்ட்ரெச்சர் சத்தம்.

ஏப்ரல் 9

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒரு சித்தப்பா வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அப்பா லேப்டாப்பை இழுத்து ஒரு தட்டு தட்டினார்: “நினைவகம் போதவில்லை.” சித்தப்பா கிளம்பிவிட்டார்.

கேள்விகளும் இப்போது கேள்வியாகவே வருகின்றன. ஆனால் அம்மா அதோடு பேச மாட்டேன் என்கிறாள். அது பேசினால் எழுந்துபோகிறாள். அவளுக்கு மட்டும் அவர் சீட்டில் எழுதித் தருகிறார்.

ஜூன் 2

மென்பொருளின் புதிய வெளியீட்டில் அப்பாவும் ஒரு பேக்கேஜ்; யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆந்தை வாழ்த்து அனுப்பினார். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 17

அம்மாவுக்குக் கண் சோதனை. மூன்று பேரும் போயிருந்தோம். கண் ஆஸ்பத்திரிக் கூடம் நிறைய ஆட்கள். சுவரில் ஒரு பழைய ஸ்பீக்கர்.

“டோக்கன் முப்பத்தாறு, உள்ளே வரவும்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. யாரோ கம்பை ஊன்றி எழுந்தார், யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். எழுந்துபோய்விடுவாள் என்று பயந்து அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள்.

பக்கத்தில் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் தோளைத் தொட்டாள்.

“இப்ப பேசறது யாரு தெரியுமா?” என்றாள். “எங்க வீட்டுக்காரர்.”